தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் வழிகாட்டி இல்லாமல், நாமே கார் ஓட்டிப் போனால் என்னென்ன விலங்குகள் கண்ணில் படும்?

நாலு நாள்தான் இருக்கிறது, சிங்கம் நிச்சயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓர் ஆகஸ்ட் மாதம் நாங்கள் நாலு பேர் வாடகைக் காரில் ஐந்து நாள் சுற்றியதை வைத்துச் சொல்கிறேன். சிங்கத்துக்கு யாரும் கியாரண்டி தர முடியாது. இம்பாலா மானுக்கு நான் தருகிறேன். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவீர்கள், இரண்டாம் நாள் அதற்காகக் காரை நிறுத்தக்கூட மாட்டீர்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

பூங்கா கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர், வடக்கு தெற்காக 360 கிலோமீட்டர் நீளம். தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40-க்கு மேல் போகக் கூடாது. உள்ளே தங்கும் முகாம்களில் ஒரு வரைபடப் பலகை இருக்கும், இன்று எந்த விலங்கை எங்கே பார்த்தார்கள் என்று அதில் வண்ண வண்ணமாகக் குறி வைத்திருப்பார்கள். முதல் நாள் அதை நம்பி, காலையில் யாரோ சிங்கம் பார்த்த இடத்துக்கு 60 கிலோமீட்டர் ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது அங்கே நசுங்கிய புல்லும், எங்களைப் போலவே ஏமாந்த மூன்று கார்களும் இருந்தன. அன்றைய பொழுது அவ்வளவுதான்.

மறுநாள் ஸ்குகூசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாமுக்குப் போகும் ரோட்டில், சாபி ஆற்றை ஒட்டி மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். இருபது முப்பது இம்பாலாக்கள் மேய்ச்சலை விட்டுவிட்டு ஒரே பக்கம் பார்த்து நின்றன, நடுநடுவே ஒன்று மூக்கால் 'ஃப்ஷ்' என்று சீறியது. எதற்கு இந்தச் சீறல் என்று எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிஷம் கழித்து, அதுவரை கிளை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று வாலை ஆட்டியது. சிறுத்தை! (சீட்டாவையும் சிறுத்தை என்றே எழுதுகிறார்கள், அதற்குச் சிவிங்கிப்புலி என்று தனிப்பெயர் இருக்கிறது. நான் சொல்வது மரமேறும் லெப்பர்டை.) மான்கள் பார்க்கிற திசையில் பார்ப்பது என்ற இந்த ஒரு பழக்கம், ஐந்து நாளில் வேறெதையும்விட எங்களுக்கு அதிகம் காட்டிக் கொடுத்தது.

சிங்கம் சதாரா முகாம் பக்கம் கிடைத்தது, அதுவும் தேடாமலே. ஆகஸ்ட் விடியற்காலை நல்ல குளிர், தார் ரோட்டில் மிச்சமிருந்த சூட்டுக்காக நாலு பெண் சிங்கங்கள் நடுரோட்டில் படுத்திருந்தன. அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. கழுதைப்புலிக்கும் அதிகாலைதான் நேரம். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகப் போட்டிருக்கும் குழாய்களில் அவை குட்டி போட்டு வளர்க்கின்றன, கறுத்த குட்டிகள் இரண்டு வெளியே வந்து எங்கள் டயரை முகர்ந்து பார்த்தன. அழகாகவே இருந்தன, சத்தியமாக.

யானை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, காட்டெருமை எல்லாம் தாராளமாகப் பார்க்கலாம். தந்தம் இருக்கிறதே என்று ஆண் யானை என முடிவு கட்டாதீர்கள், அங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு. லோயர் சாபிக்குப் பக்கத்தில் சன்செட் டாம் என்று ஒரு சின்ன நீர்நிலை, ரோட்டிலிருந்து சில அடி தூரத்தில் முதலைகள், நீர்யானை முதுகில் வரிசையாக ஆமைகள். ஸ்குகூசாவை ஒட்டிய லேக் பேனிக்கில் மரக் குடிலுக்குள் உட்கார்ந்து பறவை பார்க்கலாம். நம் ஊர் ஏரியில் அந்தரத்தில் நின்று சிறகடித்துவிட்டுத் தலைகீழாகப் பாயுமே கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, அதே இனம் அங்கேயும் இருக்கிறது. அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நண்பன் கேட்டான், அப்புறம் அவன்தான் அங்கிருந்து கிளம்ப மறுத்தான்.

காண்டாமிருகம் ஒரே ஒரு தடவை, தூரத்தில், கொம்பு இல்லாமல். கள்ள வேட்டைக்காரர்களுக்குப் பயந்து பூங்காக்காரர்களே கொம்பை அறுத்துவிடுகிறார்கள். சிவிங்கிப்புலியும் காட்டுநாயும் கடைசிவரை கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய காட்டில் அவை சில நூறுதான் என்பதால் வருத்தமில்லை.

மே முதல் செப்டம்பர் வரை போங்கள். புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வந்தே ஆக வேண்டும். மாலை முகாம் கேட் மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், ஆகஸ்டில் 6 மணி. எங்களை ஒரு யானைக்கூட்டம் இருபது நிமிஷம் மறித்து நிறுத்தியதில் 5.50-க்குத்தான் உள்ளே நுழைந்தோம், ஆகவே கையில் ஒரு மணி நேரம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பைனாகுலர் ஆளுக்கு ஒன்று வேண்டும். நாங்கள் நாலு பேருக்கு ஒன்றே ஒன்று எடுத்துப் போய், அந்தச் சிறுத்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்காகச் சண்டை போட்டோம்.