ட்யூப்பையும் கையோடு கொண்டு போங்கள்: மலையக வாசகர்களின் தோல் சந்தேகங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றைத்தான்: "நல்ல ஸ்கின் டொக்டர் யார்?" நான் யாருடைய பெயரையும் சொல்லப் போவதில்லை. எங்கே போவது, போகும்போது எதைக் கொண்டு போவது, யாருக்கு நிபுணரே தேவையில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஹட்டனில் இருக்கிறோம். தோல் வைத்தியரைப் பார்க்கக் கண்டிக்குத்தான் போக வேண்டுமா?

கண்டி தேசிய வைத்தியசாலையில் மட்டுமல்ல, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் பதுளை போதனா வைத்தியசாலையிலும் தோல் கிளினிக் உண்டு. அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. ஆனால் நேராகப் போய் நிற்காதீர்கள். முதலில் டிக்கோயாவிலோ உங்களுக்கு அருகில் உள்ள வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டி, ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். கிளினிக் எந்தக் கிழமை என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டுப் போகிறவருக்கு, மூடிய கதவைப் பார்த்துத் திரும்புவது சின்ன நட்டம் இல்லை.

தனியாரிடம் சனல் செய்து, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, பார்ப்பதானால் பெயர்ப் பலகையை மட்டும் நம்ப வேண்டாம். 'ஸ்கின் கிளினிக்' என்று அழகு நிலையமும் எழுதிக்கொள்கிறது. தோல் நிபுணர் என்றால் எம்பிபிஎஸ் பட்டத்துக்கு மேல் தோல் மருத்துவத்தில் எம்டி முடித்திருப்பார். வைத்தியராகப் பதிவு பெற்றவரா என்பதை இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

இடுப்பைச் சுற்றி வட்ட வட்டமாகப் படை. மருந்துக் கடையில் தந்த ட்யூப்பைப் பூசினால் அடங்குகிறது, விட்டால் இரட்டிப்பாகத் திரும்புகிறது. கொழுந்து எடுக்கிறேன். (பதுளை வாசகி)

இதே கதையைப் பல கடிதங்களில் படித்தேன். இடுப்பில் இறுக்கிக் கட்டும் படங்குக்குள் மழை ஈரமும் வியர்வையும் நாள் முழுதும் தங்குகின்றன. படர்தாமரைப் பூஞ்சைக்கு அதைவிடச் சௌகரியமான இடம் வேண்டுமா?

ட்யூப்பின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் உள்ளதைப் படிக்கச் சொல்லுங்கள். பெட்டமெதசோன், க்ளோபெட்டசோல் என்று இருந்தால் அது ஸ்டீரொய்ட். சிவப்பையும் அரிப்பையும் அது அமுக்கிவிடும், பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பு அடங்கிவிடுவதால் பூஞ்சை தடையின்றிப் பரவும், வட்டத்தின் விளிம்பும் கலைந்துபோகும். அப்புறம் அனுபவம் உள்ள வைத்தியருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம். பல மாதங்கள் பூசினால் தோல் மெலிந்து, தொடை இடுக்கில் கோடு கோடாக வெடிக்கும். அந்தக் கோடுகள் மறைவதில்லை. ஒரே ட்யூப்பில் ஸ்டீரொய்டையும் பூஞ்சை மருந்தையும் கலந்து விற்பதும் உண்டு. அதைக் கேட்டு வாங்குவதை நிறுத்துங்கள்.

சரியான பூஞ்சை மருந்தைப் படை மறைந்த பிறகும் வைத்தியர் சொன்ன நாள் வரை பூச வேண்டும். பரவியிருந்தால் மாத்திரையும் தேவைப்படும். கிளினிக்குக்குப் போகும்போது இதுவரை பூசிய ட்யூப் அத்தனையையும், வெறும் ட்யூப்பாக இருந்தாலும், பையில் போட்டுக்கொண்டு போங்கள். "வெள்ளை மருந்து, சிவப்பு மூடி" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. அன்று காலையில் எதையும் பூச வேண்டாம். செதில் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வசதியாக இருக்கும். வீட்டில் வேறு யாருக்காவது படை இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள்.

முகத்துக்கு வெள்ளை கிறீம் பூசும் தங்கைகளுக்கும் இதே பதில்தான். சிலவற்றில் ஸ்டீரொய்ட், சிலவற்றில் பாதரசம். தயாரித்தவர் பெயரும் உள்ளடக்கமும் இல்லாத டப்பாவை முகத்தருகே கொண்டு போகாதீர்கள். மாதக்கணக்கில் பூசியிருந்தால் திடீரென்று விடும்போது முகம் சிவந்து எரியலாம். வைத்தியரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

லயத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரிப்பு. எந்த நிபுணரிடம் போகலாம்? (லிந்துலை)

நிபுணரே வேண்டியதில்லை. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, இரவில் கூடும் அரிப்பு, வீடு முழுக்க என்றால் பெரும்பாலும் சொறி சிரங்குதான். தோட்ட வைத்தியசாலையிலேயே காட்டலாம். மருந்து தந்தால் கழுத்துக்குக் கீழே ஓர் இடம் விடாமல், நக இடுக்கிலும் பூசி, இரவு முழுக்க வைத்துக் காலையில் குளியுங்கள். இடையில் கை கழுவினால் கைக்குத் திரும்பப் பூசுங்கள். ஒரு கிழமை கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எப்படி என்று தனியாகக் கேளுங்கள்.

மருந்து வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களில் பலர் அரிப்பு உள்ளவருக்கு மட்டும் பூசியிருப்பார்கள். சொறி சிரங்கை உண்டாக்கும் மிகச் சிறிய உண்ணி தொற்றிச் சில கிழமைகள் கழித்தே அரிப்பு தொடங்கும். ஆகவே சும்மா இருக்கிற தாத்தாவுக்கும் அதே இரவில் பூச வேண்டும். உண்ணி செத்த பிறகும் இரண்டு மூன்று கிழமை அரிக்கும். பயந்து மறுபடி மறுபடி பூசினால் தோல்தான் புண்ணாகும்.

அம்மாவின் கையில் வெளிறிய ஒரு தழும்பு. அரிப்பில்லை, சூடு பட்டாலும் தெரியவில்லை. "வேறு ஏதாவது" என்று சொல்லிவிடுவார்களோ என்று வர மறுக்கிறார்.

உணர்வு இல்லாத தழும்பு என்றால் தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். மூடி மறைத்துப் பயனில்லை. இலங்கையில் இன்றும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். சிகிச்சை தொடங்கியதுமே மற்றவருக்குத் தொற்றும் ஆபத்து வேகமாகக் குறைந்துவிடும், வீட்டில் தனித் தட்டு வைக்கத் தேவையில்லை. தாமதித்தால் நரம்பு கெட்டு விரல் மடங்கும், அதைத்தான் திருப்ப முடியாது. தோல் கிளினிக்கில் காட்டுங்கள். அது தொழுநோயாக இல்லாமலும் இருக்கலாம்.

வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. மறைவிடத்தில் உள்ளதை எப்படிச் சொல்வது? (தலவாக்கலை வாசகி)

எப்போது தொடங்கியது, எங்கே பரவியது, என்ன பூசினீர்கள், என்ன மாத்திரை குடிக்கிறீர்கள் என்பதை இரு மொழியும் தெரிந்த ஒருவரிடம் சிங்களத்தில் எழுதி வாங்கிக் கொண்டு போங்கள். மகனைக் கூட்டிப் போய் அவன் முன்னால் கூச்சத்தில் விழுங்கிவிடுவதைவிட இது நல்லது. பெண் வைத்தியரோ தாதியோ அருகில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம், தயங்க வேண்டாம். வந்து வந்து மறையும் தடிப்பானால், இருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வலிப்புக்குப் புது மாத்திரை தொடங்கி இரண்டு கிழமை. காய்ச்சல், வாயில் புண், உடம்பில் கொப்புளம். தோல் கிளினிக் அடுத்த செவ்வாய். பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது. இது மாத்திரையின் கடும் ஒவ்வாமையாக இருக்கலாம். தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அடுத்த மாத்திரையை விழுங்காமல், மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வலிப்பு மருந்தை மாற்றித் தருவதை அங்கே பார்த்துக்கொள்வார்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.