பேரவை கூடும் முதல் நாள்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தேர்தலில் ஜெயித்த நாளிலிருந்தே எம்.எல்.ஏ.தானே? பதவிப் பிரமாணம் எடுக்காவிட்டால் என்ன ஆகிவிடும்? (வாசகர், திருவாரூர்)

பதில்: எம்.எல்.ஏ.தான், மறுப்பில்லை. ஆனால் அவையில் உட்காரவும் ஓட்டுப் போடவும் அரசியல் சட்டத்தின் 188-வது பிரிவுப்படி பிரமாணம் எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் போய் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் (193-வது பிரிவு). சட்டம் எழுதியபோது அது கனத்த தொகை, இன்று பயமுறுத்தாது. தேர்தல் நடத்தும் அலுவலர் தந்த வெற்றிச் சான்றிதழோடு வந்து, ‘கடவுள் அறிய’ என்றோ ‘உளமார’ என்றோ சொல்லி உறுதி ஏற்றுவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

கேள்வி: புதிய சபாநாயகரே இன்னும் வராதபோது பிரமாணம் செய்து வைப்பது யார்? (வாசகி, தேனி)

பதில்: தற்காலிக சபாநாயகர். சட்டமன்றம் கலைந்தாலும் பழைய சபாநாயகர் பதவியில் நீடிப்பார். புதிய அவை முதல்முறை கூடுவதற்குச் சற்று முன்புதான் அவர் நாற்காலி காலியாகும். அந்த இடைவெளிக்கு ஆளுநர் ஒருவரை நியமிக்கிறார். 2021-ல் கு.பிச்சாண்டி நியமிக்கப்பட்டார். கொரோனா காரணமாகக் கலைவாணர் அரங்கில் மே 11 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றார்கள், மறுநாள் மு.அப்பாவு போட்டியின்றி சபாநாயகரானார். அந்த வரிசையை மாற்ற முடியாது: சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு வேண்டும், ஓட்டுக்குப் பிரமாணம் வேண்டும்.

கேள்வி: அரசு எழுதிக் கொடுத்த உரையை ஆளுநர் வாசிக்காமல் விட்டால் எது செல்லும்? (வாசகர், ஓசூர்)

பதில்: பொதுத் தேர்தலுக்குப் பிந்திய முதல் கூட்டத்தொடரிலும், ஒவ்வோர் ஆண்டின் முதல் கூட்டத்தொடரிலும் ஆளுநர் உரையாற்ற வேண்டும் என்கிறது 176-வது பிரிவு. உரை அமைச்சரவையின் கொள்கை அறிக்கை. ஆளுநரின் வாய் வழியாக வருகிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டு வழக்கப்படி தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்கி, ஆளுநர் படித்தபின் சபாநாயகர் தமிழாக்கத்தை வாசிப்பார். கடைசியில் தேசிய கீதம். 2023 ஜனவரி 9 அன்று ஆளுநர் ஆர்.என்.ரவி சில பகுதிகளை விட்டுவிட்டுப் படித்தார். முதல்வர் மு.க.ஸ்டாலின் அங்கேயே எழுந்து, அச்சிட்டு வழங்கிய உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தேசிய கீதத்துக்குக் காத்திராமல் ஆளுநர் வெளியேறிவிட்டார். அவைக்குறிப்பில் எது ஏறும் என்பது அவையின் கையில். அந்தத் தீர்மானம் நிறைவேறியதால் அச்சிட்ட உரைதான் நின்றது. என் கணிப்பில், அன்றைய நாடகத்தைவிட அந்தத் தீர்மானம்தான் கவனிக்க வேண்டியது.

கேள்வி: சில மாநிலங்களில் ஆளுநர் உரையே இல்லாமல் பட்ஜெட் போடுகிறார்களே? (வாசகர், வேலூர்)

பதில்: 2022 மார்ச்சில் தெலங்கானாவில் அப்படித்தான் நடந்தது, ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் அப்போது அதை வெளிப்படையாக ஆட்சேபித்தார். சூட்சுமம் ‘கூட்டத்தொடர்’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அவையை ஒத்திவைப்பது சபாநாயகர். கூட்டத்தொடரை முடித்துவைப்பது ஆளுநர், அதுவும் அரசின் யோசனைப்படி. முடித்துவைக்க அரசு கேட்காவிட்டால், மாதங்கள் கழித்துக் கூடினாலும் அது பழைய தொடரின் தொடர்ச்சிதான். புதுத் தொடர் இல்லை, எனவே உரையும் தேவையில்லை என்பது அரசின் வாதம். சட்டத்தின் எழுத்துக்குப் பொருந்துகிறது. ‘ஒவ்வோர் ஆண்டும்’ என்று எழுதியதன் நோக்கத்துக்குப் பொருந்தவில்லை.

கேள்வி: இரண்டாம் நாள் கூடியதும் கலைந்து போகிறார்களே, ஏன்? (வாசகி, சிவகாசி)

பதில்: பதவியில் இருந்த உறுப்பினர் இறந்திருந்தால் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, எழுந்து மௌனமாக நின்று, அன்றைய அலுவலை ஒத்திவைப்பது மரபு. 2023 ஜனவரி 10 அன்று ஈரோடு கிழக்கு உறுப்பினர் திருமகன் ஈவெராவுக்காக அப்படிச் செய்தார்கள். ஆளுநர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீதான விவாதம் மறுநாள்தான் தொடங்கியது. எத்தனை நாள் விவாதம் என்பதை அலுவல் ஆய்வுக் குழு தீர்மானிக்கும்.

கேள்வி: பேரவை நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும்? (வாசகர், கடலூர்)

பதில்: பத்துப் பேர் அல்லது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது அதிகமோ அது. நம் 234-க்கு 24 பேர்.