தோல்வி எதற்குச் சான்று?

கேள்வி: அமெரிக்கப் பெருநகர் ஒன்றின் முதல் பெண் மேயர் என்று பெர்த்தா நைட் லேண்ட்ஸைப் போற்றுகிறார்கள். ஆனால் சியாட்டில் மக்கள் இரண்டே ஆண்டுகளில் அவரைத் தோற்கடித்துவிட்டார்கள். பேராசிரியரின் மனைவிக்கு நகர நிர்வாகம் கைவரவில்லை என்பதற்கு அதுவே சான்று அல்லவா?
- வாசகர், திருச்சி

பதில்: அன்றைய சியாட்டிலில் மேயரின் பதவிக்காலமே இரண்டு ஆண்டுகள்தாம், அதை லேண்ட்ஸ் முழுமையாக நிறைவு செய்தார். கணவர் பேராசிரியர் என்பது உண்மைதான். ஆனால் லேண்ட்ஸ், மகளிர் அமைப்புகளில் பல ஆண்டுகள் உழைத்து, 1922இல் மக்கள் வாக்கால் நகர்மன்றத்துக்கு வந்து, அதன் தலைவராகவும் உயர்ந்தவர்.

1924இல் நடந்ததை நீங்கள் அவசியம் அறிய வேண்டும். மேயர் எட்வின் பிரவுன் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்காக நியூயார்க் சென்றிருந்தபோது, நகர்மன்றத் தலைவர் என்ற முறையில் லேண்ட்ஸ் பொறுப்பு மேயரானார். மதுவிலக்குக் காலமாயினும் நகரில் கள்ளச்சாராயமும் சூதாட்டமும் தடையின்றி நடந்தன. தம் படையில் நூறு பேர் நேர்மையற்றவர்கள் என்று காவல்துறைத் தலைவர் வில்லியம் செவரின்ஸே கூறியிருந்தார். அப்படியானால் அவர்களை நீக்குங்கள் என்று லேண்ட்ஸ் எழுதிக் கேட்டார். அவர் இணங்க மறுத்ததும் அவரையே பதவிநீக்கம் செய்து, காவல்துறைப் பொறுப்பைத் தாமே ஏற்று, சூதாட்ட விடுதிகளை மூடச் செய்தார். பிரவுன் அவசரமாகத் திரும்பிவந்து செவரின்ஸை மீண்டும் அமர்த்தினார் என்றாலும், 1926 தேர்தலில் அதே பிரவுனை எதிர்த்து நின்றுதான் லேண்ட்ஸ் மேயரானார்.

நகரம் என்பது பெரியதொரு வீடு, அதைப் பெண்ணால் செம்மையாக நடத்த முடியும் என்பது அவருடைய வாதம். பெண் தனக்குரிய இடத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள் என்ற அச்சத்தைத் தணிக்க அது அன்று உதவியது. ஆனால் அவர் கையாண்டது வீட்டு வேலையை அல்ல, நட்டத்தில் தவித்த டிராம் சேவையையும் மாநகராட்சியின் மின்நிறுவனத்தையும் என்பதை நாம் மறக்கலாகாது. பதவி நியமனங்களில் கட்சிச் சலுகையை விலக்கித் தகுதியைப் பார்த்தவர் அவர்.

1928இல் அவரைத் தோற்கடித்தவர் திரையரங்கு உரிமையாளரான ஃபிராங்க் எட்வர்ட்ஸ். பெரும்பொருள் செலவிட்ட அவர், லேண்ட்ஸுடன் மேடையேறி விவாதிக்க மட்டும் மறுத்துவிட்டார். மின்நிறுவனத்தை வளர்த்தெடுத்த ஜே.டி. ராஸைப் பின்னர் அவர் பணிநீக்கம் செய்தபோது, நீங்கள் சான்றாகக் காட்டும் அதே சியாட்டில் வாக்காளர்கள், பதவிக்காலம் முடியும்வரைகூடக் காத்திராமல், 1931இல் வாக்கெடுப்பின் மூலம் எட்வர்ட்ஸைப் பதவியிலிருந்து நீக்கினார்கள்.