குழாயடியும் நாடாளுமன்றமும்

கேள்வி: எங்கள் ஊராட்சித் தலைவர் 5 வருடம் அருமையாக வேலை பார்த்தார். அவரையே எம்.பி.க்கு நிறுத்த வேண்டும் என்று ஊரில் பேச்சு. தெருவிளக்கும் தண்ணீரும் பார்த்தவருக்கு டெல்லி சரிப்பட்டு வருமா? இரண்டில் எது கஷ்டம்?
- வாசகர், மேலூர்

பதில்: என்னைக் கேட்டால் ஊராட்சிதான் கஷ்டம். மோட்டார் காயில் எரிந்து போனால் காலை 6 மணிக்கே குடத்தோடு வாசலில் நிற்பார்கள், நிற்கிறவர்களில் பாதிப் பேர் சித்தி, மாமா, பங்காளி. யாரிடமும் 'பார்க்கலாம்' என்று சொல்லி நழுவ முடியாது. செலவுக்குக் காசோலை போட வேண்டுமென்றால் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். போன தேர்தலில் அவர் எதிரணியில் இருந்திருந்தால் அந்த ஒரு கையெழுத்துக்கே நாலு நடை. நம் மாநிலத்தில் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமும் கிடையாது, அதனால் தப்பு நடந்தால் கட்சி மேல் பழி போட்டுவிட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. சரியாக நடக்காவிட்டால் கலெக்டர் நோட்டீஸ் கொடுத்துப் பதவியை எடுத்துவிடவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

எம்.பி. வேலையே வேறு. 6 சட்டமன்றத் தொகுதி, லட்சக்கணக்கான ஓட்டு, எல்லோரையும் முகம் பார்த்து அறிந்துகொள்ள முடியாது. ஒரு மசோதாவில் ஒரு வரி மாறினால் ராஜஸ்தானில் இருக்கும் ஒரு முதியவரின் ஓய்வூதியம் மாறும், அவர் வந்து நம் வாசலில் நிற்கப் போவதில்லை. நிற்காதவருக்காகவும் யோசிக்கத் தெரிய வேண்டும், அதற்கு நிறையப் படிக்க வேண்டும். அப்புறம், 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு சபையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா போடும் உத்தரவை மீறினால் பதவியே போகலாம். ஊரில் தன் முடிவைத் தானே எடுத்துப் பழகியவருக்கு இது மூச்சு முட்டும். உங்கள் தலைவரை நிறுத்துங்கள், ஆனால் அவருக்கு அந்த வேலையில் ஆசை இருக்கிறதா என்று முதலில் அவரையே கேளுங்கள்.

கேள்வி: இரண்டையும் நன்றாகச் செய்தவர்கள் உண்டா?
- வாசகி, திருவள்ளூர்

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறதே, பூண்டி ஏரி! டெல்லி மத்திய சட்டசபையில் கேள்வி நேரத்தில் பிரிட்டிஷ் அரசைத் துளைத்தெடுத்த சத்தியமூர்த்திதான் 1939-ல் சென்னை மேயர் ஆனார். செங்குன்றம் ஏரியை நம்பிக்கிடந்த நகரம் அது, தண்ணீருக்குத் தவித்தது. அப்போதுதான் உலகப் போரும் தொடங்கியிருந்தது, ஏரிக்கெல்லாம் இப்போது பணமா என்று கேட்கக்கூடிய காலம். யாரை அன்றாடம் எதிர்த்துப் பேசினாரோ அதே அரசிடம் பேசித்தான் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட ஒப்புதல் வாங்கினார். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. சபையில் சண்டை போடுவது ஒரு திறமை, சண்டை போட்டவரிடமே போய் ஊருக்கு வேண்டியதை வாங்கி வருவது இன்னொரு திறமை, அவருக்கு இரண்டும் இருந்தன. 1944-ல் நீர்த்தேக்கம் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை, முந்தைய வருடமே காலமாகிவிட்டார். அவர் பெயர்தான் அதற்கு இன்றும் இருக்கிறது.

அந்தத் தலைமுறையில் இது சகஜம். சேலம் நகராட்சிக்கு ராஜாஜி, அலகாபாத்துக்கு நேரு, 1924 முதல் 1928 வரை அகமதாபாத்துக்கு பட்டேல் என்று நகராட்சித் தலைவர்களாகச் சாக்கடையும் குடிநீரும் பார்த்துவிட்டுத்தான் நாட்டைப் பார்க்க வந்தார்கள். இன்று அந்தப் பாதை அடைத்துக்கிடக்கிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி: எங்கள் தெருவில் ரோடு போடவில்லை. எம்.பி.யைக் கேட்கலாமா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: தாராளமாகக் கேளுங்கள், வருடத்துக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி இருக்கிறது. ஆனால் அது 6 சட்டமன்றத் தொகுதிக்கும் சேர்த்து. தெரு ரோட்டுக்கு முதலில் வார்டு கவுன்சிலரைப் பிடியுங்கள். எம்.பி. வந்தால், இந்தக் கூட்டத்தொடரில் எத்தனை கேள்வி கேட்டீர்கள், எதைப் பற்றி என்று கேளுங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் ஒவ்வொருவர் கேட்ட கேள்வியும் இருக்கிறது, பார்த்துவிட்டே போங்கள்.