பெரிய எண்ணுக்கு என்ன குணம்?

அன்புள்ள சார்,

தண்டையார்பேட்டையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ராயபுரத்தில் இருக்கும் ராமானுஜன் அருங்காட்சியகத்துக்கு அவர்களைக் கூட்டிப்போயிருந்தேன். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று ராமானுஜன் சொன்ன 1729-இன் கதையைச் சொன்னதும் ஒரு பையன், "அது சின்ன நம்பர் சார், பெருசா ஒண்ணு சொல்லுங்க" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு இலக்க எண்ணுக்கெல்லாம் தனியாக ஒரு குணம் இருக்குமா என்ன?

ச., தண்டையார்பேட்டை

அன்புள்ள ச.,

பன்னிரண்டு இலக்கத்திலேயே ஒன்று இருக்கிறது: 2,93,31,86,25,600.

1 முதல் 22 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 23-இல்தான் இடறும். காரணிகள் மொத்தம் 5,040. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இவ்வளவு காரணிகள் கிடையாது. 1729-க்கு எட்டே எட்டுதான், பாவம். அதைவிடச் சின்ன 1680-க்கு 40 இருக்கிறது.

5,040 எப்படி வந்தது என்பதைப் பையனையே கண்டுபிடிக்க விடுங்கள். எண்ணை உடைத்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. இவற்றிலிருந்து எடுத்துப் பெருக்குவதுதான் காரணி. 2-ஐ எடுக்காமலே விடலாம், ஆறு வரை எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மற்ற நான்குக்கும் இவ்விரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 5,040.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று இறங்கிக்கொண்டே வருவதைப் பாருங்கள். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எந்த எண்ணிலும் இப்படித்தான், ஏறவே ஏறாது. நான்கு 2-உம் ஆறு 3-உம் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றினாலே போதும். காரணிகள் குறையாது, எண் சிறுத்துவிடும். கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும். 4, 36 இரண்டும் மட்டும் விதிவிலக்கு. இதை நிறுவியவர் ராமானுஜன்தான். 1912-இல் நம் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், 1915-இல் இந்த வகை எண்களைப் பற்றி லண்டனில் நீண்ட கட்டுரை வெளியிட்டுவிட்டார். அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்ததும் அதற்காகத்தான்.

அந்தக் கட்டுரையில் இப்படிப்பட்ட 102 எண்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. எல்லாம் கையால் போட்ட கணக்கு. அதில் விடுபட்டுப்போன எண்தான் நான் மேலே சொன்னது! வேடிக்கை என்னவென்றால், பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. அதை 23-ஆல் வகுத்தால் விடுபட்டவர் வந்து நிற்பார்.

பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: 16 காரணிகள் உள்ள மிகச் சிறிய எண் எது? 2, 3, 5, 7 நான்கையும் பெருக்கி 210 என்று ஓடி வருவான். அதைவிடச் சின்னது இருக்கிறது என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.