மியூட்டேஷன் வேற, பரவுறது வேற: லங் கேன்சர் கேள்வி-பதில்

இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல லங் கேன்சர் கேள்விதான், அதனால எல்லாத்தையும் ஒண்ணா சேத்துட்டேன். நான் பேஷன்ட்டுக்கு மருந்து எழுதுற டாக்டர் இல்ல, பயாப்ஸி ஸ்லைடு பாக்குற பேத்தாலஜிஸ்ட், பதில் கொஞ்சம் மைக்ரோஸ்கோப் பக்கம் சாயத்தான் செய்யும்.

கேள்வி: அப்பா ரிப்போர்ட்ல ஈஜிஎஃப்ஆர் மியூட்டேஷன் பாசிடிவ்னு இருக்கு. இந்த ஜீன்தான் கேன்சர பரப்புதா?

அது முக்கியமா கட்டிய வளர வைக்கிற ஜீன். அதுக்குன்னு மாத்திரை இருக்கு, அதனாலதான் டெஸ்ட் பண்றாங்க. பரவுறதுக்கு செல் கழண்டு வரணும், ரத்தத்துல உயிரோட தாக்குப்பிடிக்கணும், மூளையிலயோ எலும்புலயோ போய் ஒட்டி மறுபடி வளரணும், இவ்வளவு வேலை இருக்கு. பரவ வைக்கிறதுக்குன்னே தனியா ஒரு மியூட்டேஷன் இருக்கும்னு தேடித் தேடி பாத்தாச்சு, பெருசா ஒண்ணும் சிக்கல. மாறுறது பெரும்பாலும் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுங்கறதுதான். மியூட்டேஷன்னா புக்ல எழுத்துப்பிழை, இது எந்தப் பக்கத்த தொறந்து படிக்கிறோம்ங்கற விஷயம். நம்ம ஈரல் செல்லும் நுரையீரல் செல்லும் ஒரே புக்தான வச்சிருக்கு.

கேள்வி: ஒட்டிட்டு இருக்குற செல் எப்படி கழண்டு வருது?

இத ஸ்லைடுலயே பாக்கலாம். இ-கேட்ஹெரின்னு ஒரு புரோட்டீன், செல்ல பக்கத்து செல்லோட ஒட்டி வைக்கிற பசை மாதிரி. அதுக்கு ஸ்டெய்ன், அதாவது அத மட்டும் காட்டுற சாயம் போட்டா ஒவ்வொரு செல்ல சுத்தியும் பிரவுன் கோடு, தேன்கூடு மாதிரி அழகா தெரியும். கட்டியோட நடுவுல அப்படித்தான் இருக்கும், ஆனா ஓரத்துக்கு, அது பக்கத்து திசுக்குள்ள நுழையுற இடத்துக்கு போனா சில கட்டிகள்ல கோடு மங்கி, விட்டு விட்டு, கடைசில ஒண்ணு ரெண்டு செல் கோடே இல்லாம தனியா நீண்டு கெடக்கும். இ-கேட்ஹெரின் ஜீன் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது, ஸ்னெய்ல், ட்விஸ்ட், ஜெப்1 மாதிரி புரோட்டீன்கள் மேல உக்காந்து அத வாய மூட வச்சிருக்கும். இதுல எனக்கு இன்னும் ஆச்சரியமான விஷயம், அதே கேன்சர் வேற உறுப்புல போய் வளந்த கட்டிய பாத்தா அந்த பிரவுன் கோடு பல நேரம் திரும்ப வந்திருக்கும். எழுத்தே அழிஞ்சிருந்தா அது எப்படி திரும்ப வரும்?

கேள்வி: அம்மாவுக்கு கட்டி மூளையில, ஆனா லங் கேன்சர்ங்கறாங்க. எப்படி சொல்றாங்க?

மனுஷன் எங்க போனாலும் ஊர் பேச்சு மாறாதுல்ல, செல்லும் அந்த மாதிரி. டிடிஎஃப்-1ங்கற புரோட்டீன் நுரையீரல்லயும் தைராய்டுலயும்தான் முக்கியமா வேலை செய்யும். மூளைல எடுத்த துண்டுல இதுக்கு ஸ்டெய்ன் போட்டு செல்லோட நியூக்ளியஸ் பிரவுனா வந்தா லங் பக்கம் சந்தேகம் போகும், மத்த ஸ்டெய்ன், ஸ்கேன் எல்லாம் சேத்துதான் முடிவு சொல்வோம். 2011ல எலிகள்ல பாத்தப்ப, டிடிஎஃப்-1 ஜீன் அடங்கிப்போன கட்டிதான் அதிகமா பரவுச்சு. தான் நுரையீரல் செல்லுங்கறதையே மறந்துட்ட மாதிரி.

கேள்வி: கேன்சருக்கு வைட்டமின் ஈ, ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுக்கலாமா? நல்லதுதானே?

நல்லதுன்னு நெனச்சு பலபேர் டாக்டர்கிட்ட சொல்லாமலே எடுக்குறாங்க, அதனால இத கொஞ்சம் நீட்டியே எழுதுறேன். பேக்1னு ஒரு புரோட்டீன் இருக்கு, இது மத்த ஜீன்கள ஏத்தி இறக்குற வேலைய பாக்கும். கேன்சர் செல்லுக்குள்ள ஆக்சிடேஷன் ஸ்ட்ரெஸ் இருந்தா பேக்1 சீக்கிரம் அழிஞ்சிடும். ஆன்டிஆக்சிடன்ட் குடுத்து அந்த ஸ்ட்ரெஸ்ஸ குறைச்சா பேக்1 அழியாம சேந்து, செல் சர்க்கரைய வேகமா எரிக்கிற ஜீன்கள தூக்கி விடுது, செல்லும் நகர ஆரம்பிக்குது. 2019ல வந்த ஆய்வுல வைட்டமின் ஈயும் என்-அசிட்டைல் சிஸ்டைன்ங்கற இன்னொரு ஆன்டிஆக்சிடன்ட்டும் குடுத்த எலிகளுக்கு லங் கேன்சர் அதிகமா பரவுச்சு. எலி வேற மனுஷன் வேறன்னு சொல்வீங்க, சரிதான். ஆனா 1994ல ஃபின்லாந்துல 29,000 பேருக்கு மேல, எல்லாரும் சிகரெட் பிடிக்கிற ஆம்பளைங்க, அவங்கள வச்சு பண்ண ட்ரையல்ல பீட்டா கரோட்டின்ங்கற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவங்களுக்கு லங் கேன்சர் 18% அதிகமா வந்துச்சு, குறையும்னு நெனச்சுதான் குடுத்தாங்க. அதுக்கு காரணம் பேக்1னு நான் சொல்லல, அது தனி கதை. காய் பழம் தாராளமா சாப்பிடுங்க, நான் சொல்றது டப்பால வர்ற ஹை டோஸ் மாத்திரைய. கேன்சர் டாக்டர், அதான் ஆங்காலஜிஸ்ட்ட கேக்காம தொடாதீங்க.

கேள்வி: இந்த ஜீன் மாற்றம் என் பிள்ளைங்களுக்கு வருமா?

கட்டிக்குள்ள நடக்குறது கட்டியோட சரி, பிள்ளைக்கு போகாது. பரம்பரையா வர்ற ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கு, ஆனா ரொம்ப அபூர்வம். குடும்பத்துல நிறைய பேருக்கு வந்திருந்தா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கேள்வி: ஜீன் கெடலன்னா, அத ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச மாத்துற மருந்து குடுத்து பரவாம நிறுத்தலாமே?

ஜீன் சுவிட்ச்ல கை வைக்கிற மருந்து சில ரத்தப் புற்றுநோய்கள்ல ஏற்கனவே புழக்கத்துல இருக்கு. லங்ல சிக்கல் என்னன்னா, புண்ணு ஆறும்போது நல்ல செல்லும் இதே வழியிலதான் நகருது, அதையும் சேத்து அடைச்சிடக்கூடாது. இன்னொண்ணு, மேல சொன்ன பிரவுன் கோட்ட யோசிச்சு பாருங்க. மருந்து போட்டு பசைய திரும்ப வர வச்சா, கட்டியில இருக்குற செல் கெளம்பாது, சரி. ஆனா ஏற்கனவே கெளம்பி மூளைக்கோ எலும்புக்கோ போய் சேந்த செல்லுக்கு அங்க உக்காந்து வளர தேவைப்படுறதும் அதே பசைதான்.