பிரஸ்ஸல்ஸ் திங்க் டேங்க் வேலை: கரூரிலிருந்து கேட்ட ஓர் அப்பாவுக்குப் பதில்

வணக்கம் ஐயா.

எம்.ஏ. பொருளாதாரம் கடைசி வருடம் படிக்கும் மகளை பேங்க் பரீட்சைக்குத் தயாராகச் சொன்னால், "பிரஸ்ஸல்ஸில் திங்க் டேங்க்கில் சேரப் போகிறேன்" என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கம்பெனியா, கட்சி ஆபீஸா, என்.ஜி.ஓ.வா, உட்கார்ந்து யோசிப்பதற்கு எவன் சம்பளம் கொடுப்பான் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன். திங்க் டேங்க் என்றால் அரசுக் கொள்கைகளையும் சட்டங்களையும் ஆராய்ந்து யோசனை சொல்லும் அமைப்பு. முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள், சுமார் 45 கோடி மக்கள். புதுச் சட்டத்துக்கு வரைவு கொண்டுவரும் உரிமை அநேகமாக அதன் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்துக்கு மட்டும்தான் உண்டு. அந்த வரைவை ஐரோப்பிய நாடாளுமன்றமும், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் கவுன்சிலும் தனித்தனியாகத் திருத்தி, பிறகு மூன்று தரப்பும் ஒரே அறையில் பேரம் பேசி முடித்தால்தான் சட்டம். ஒன்றரை, இரண்டு வருடம் ஆவது சாதாரணம். ஆணையத்தில் ஒரு விஷயத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகள் கொஞ்சம் பேர்தான். எரிவாயு, பேட்டரி, துணி, செயற்கை நுண்ணறிவு என்று எல்லாவற்றுக்கும் அவர்களே கணக்குப் போட்டு முடியாது. அந்த இடைவெளியில்தான் திங்க் டேங்க்குகள் கடை விரித்திருக்கின்றன. அவர்களுக்கு அதிகாரமும் கிடையாது, ஓட்டும் கிடையாது. கையில் ஒரு கணக்கு இருக்கும், அதை இரண்டு பக்கத்தில் சொல்லத் தெரிந்த ஆள் இருப்பார். அவ்வளவுதான் சரக்கு.

ஒரு நிஜக் கதை சொன்னால் பிடிபடும். செயற்கை நுண்ணறிவுக்கான சட்ட வரைவை ஆணையம் 2021 ஏப்ரல் 21 அன்று வெளியிட்டது. வேலைக்கு வரும் பயோடேட்டாக்களைச் சலித்து எடுக்கும் சாஃப்ட்வேர் போன்றவை அதில் "அதிக ஆபத்து" வகை. அவற்றை விற்கும் கம்பெனி ஆவணம் வைக்க வேண்டும், சோதிக்க வேண்டும், தர மேலாண்மை முறை ஒன்றை நடத்த வேண்டும். இதற்கெல்லாம் என்ன செலவாகும்? அந்தக் கணக்கை ஆணையம் வெளி ஆட்களிடம் கொடுத்திருந்தது. செய்த குழுவில் செப்ஸ் இருந்தது. 1983-ல் தொடங்கிய, பிரஸ்ஸல்ஸில் பழம் தின்று கொட்டை போட்ட திங்க் டேங்க் அது. தர மேலாண்மை முறையைப் புதிதாக அமைக்க 1,93,000 முதல் 3,30,000 யூரோ வரை, வருடா வருடம் பராமரிக்க 71,400 யூரோ என்று ஆய்வு சொன்னது.

மூன்றே மாதத்தில், ஜூலையில், சென்டர் ஃபார் டேட்டா இன்னோவேஷன் என்ற இன்னொரு திங்க் டேங்க் அதே ஆய்வின் எண்களை எடுத்துப் பெருக்கியது. சட்டத்தால் ஐரோப்பாவுக்கு ஐந்து வருடத்தில் 3,100 கோடி யூரோ செலவு, இந்தத் துறையில் முதலீடு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறையும் என்று அறிக்கை போட்டது. பெரிய எண் என்றால் தலைப்புச் செய்திக்குக் கேட்கவா வேண்டும்! செப்டம்பரில் செப்ஸ் ஆய்வாளர்கள் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். அந்தச் செலவு தர மேலாண்மை முறையே இல்லாத கம்பெனிக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தாது, அதுவும் அதிக ஆபத்து வகைக்கு மட்டும்தான், எல்லார் தலையிலும் சமமாகப் பரப்பியது தப்பு என்று ஒவ்வொன்றாக விளக்கினார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 1-ல். நடுவில் அதன் செலவைப் பற்றிப் பேசிய யாரும் இந்த எண்களில் ஒன்றையாவது தொடாமல் பேசுவது கஷ்டமாக இருந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்கள் மகள் ஆசைப்படும் வேலை இதுதான். மேடையில் பேசுவதைப் பார்த்து மயங்கி வருகிற பிள்ளைகள் நிறைய. நாள் முழுக்க நடப்பது, "இந்தச் செலவு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது" என்று அடிக்குறிப்பைத் துருவுவது. முதல் எண்ணை மேஜையில் வைப்பவர் பக்கம் விவாதம் சாயும். மறுக்கிறவரும் அந்த எண்ணில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சில நேரம் எழுதியது உடனே வேலைக்கு ஆகும். ப்ரூகல் என்ற இன்னொரு பிரஸ்ஸல்ஸ் திங்க் டேங்க் (2005-ல் தொடங்கியது, ஓவியர் பெயர்) ரஷ்ய எரிவாயு நின்றால் ஐரோப்பா தாங்குமா என்ற கணக்கை 2022 ஜனவரியிலேயே வெளியிட்டது. உக்ரைன் போர் தொடங்கியது பிப்ரவரி 24-ல். தேவையைக் குறைக்காமல் முடியாது என்பது அந்தக் கணக்கில் இருந்தது. அந்த ஜூலை கடைசியில் எரிவாயு நுகர்வை 15 சதவீதம் குறைக்க உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. அறிக்கை எழுதியதால்தான் இது நடந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது, இந்தத் தொழிலின் தீராத அரிப்பு அது. சில நேரம் எழுதியது கிடப்பில் கிடக்கும். யூரோ நாடுகள் தங்கள் ஜி.டி.பி.யில் 60 சதவீதம் வரையிலான கடனைக் கூட்டுப் பொறுப்பில் வாங்கலாம் என்று அதே ப்ரூகல் 2010-ல் ஒரு யோசனை வெளியிட்டது. அடுத்த வருடம் ஆணையத்தின் விவாத ஆவணத்தில் அந்த வகை யோசனை ஏறியது, பிறகு அமுங்கிப்போனது. கொரோனா வந்து 2020-ல்தான், வேறு வடிவத்தில், 75,000 கோடி யூரோவுக்குக் கூட்டுக்கடன் வாங்க ஒத்துக்கொண்டார்கள். பத்து வருடம்! பொறுமை இல்லாத பெண் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, சம்பளம் யார் தருவது? ப்ரூகலுக்கு உறுப்பு நாடுகளின் அரசுகளும் மத்திய வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் சந்தா கட்டுகின்றன. செப்ஸுக்கு ஆணையத்தின் ஆய்வு ஒப்பந்தங்கள் உண்டு, கம்பெனி உறுப்பினர்களும் உண்டு. ஜெர்மனியில் கட்சி சார்ந்த அறக்கட்டளைகள் அரசுப் பணத்திலேயே நடக்கின்றன. அப்படியானால் இது லாபியிங்தானே, அதாவது பணம் தருபவருக்காகச் சட்டம் செய்கிறவர்களிடம் போய் வாதாடுவதுதானே என்று கேட்பீர்கள். கோடு மெல்லியதுதான், மறைக்க மாட்டேன். ஆணையம், நாடாளுமன்றம், கவுன்சில் மூன்றுக்கும் பொதுவான வெளிப்படைத்தன்மைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் கம்பெனிகள், சங்கங்களோடு திங்க் டேங்க்குகளும் பதிவு செய்கின்றன, பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஓரளவு அதில் பார்க்கலாம். உங்கள் மகள் எந்த இடத்துக்கு விண்ணப்பித்தாலும், முதலில் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். யார் பணம் தருகிறார்கள் என்று சொல்லாத இடத்தில் சேர வேண்டாம் என்பது என் பிடிவாதம்.

இப்போது நீங்கள் உண்மையில் பயப்படும் விஷயம். நிரந்தர வேலை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இன்டர்ன், ஆய்வு உதவியாளர், ஆய்வாளர் என்று படிகள் உண்டு. பெரும்பாலும் ப்ராஜெக்ட் இருக்கும்வரை ஒப்பந்தம். ஆணையத்திலேயே நிரந்தர அதிகாரி ஆகலாமே என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம், அந்தத் தேர்வெழுத ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வேண்டும். ஆணையத்தின் ஐந்து மாதப் பயிற்சிப் பணிக்கு வெளிநாட்டவரையும் கொஞ்சம் பேர் எடுக்கிறார்கள், போட்டி கடுமை.

இங்கிருந்து நேராக விண்ணப்பித்து வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. அங்கே ஒரு முதுகலை முடித்துவிட்டு நுழைவதுதான் நடக்கிற வழி. ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில் வரும். கிடைக்காவிட்டால் நிலத்தை அடமானம் வைத்து அனுப்பாதீர்கள். அடுத்த வருடம் மறுபடி போடட்டும். படிப்பு முடிந்தபின் வேலை தேட பெல்ஜியத்தில் 12 மாதம், ஜெர்மனியில் 18 மாதம் தங்கலாம். அதனால் பிரஸ்ஸல்ஸ் என்றே பிடிவாதம் பிடிக்காமல் பெர்லினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் போதும், பிரெஞ்சு தெரிந்தால் மதிய விருந்துக் கூட்டங்களில் பக்கத்து நாற்காலிக்காரர் மனம்விட்டுப் பேசுவார். புள்ளியியல் சாஃப்ட்வேர் ஒன்றில் கை ஓட வேண்டும். "ஐரோப்பாவின் எதிர்காலம்" என்று பொதுவாக எழுதுகிறவர்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், கணக்குப் போடுகிறவர்கள் குறைவு.

போகாவிட்டாலும் இந்தப் படிப்பு வீண் இல்லை. இரும்பு, அலுமினியம், சிமென்ட் இறக்குமதிக்கு, தயாரிப்பில் வெளியான கார்பனைக் கணக்கிட்டு ஐரோப்பா விதிக்கும் கார்பன் எல்லை வரி 2026 ஜனவரியிலிருந்து முழுதாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதைப் படித்து விளக்க டெல்லியில் ஆள் தேவை. உங்களுக்கும் தேவை. நீங்கள் ஜெர்மனிக்கு பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிறவர், பையர் அனுப்பும் சான்றிதழ்க் கேள்வித்தாள் வருடா வருடம் தடிமனாவது உங்களுக்குத் தெரியும். 2024 ஜூலையில் அமலான ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழல் வடிவமைப்பு விதிமுறைப்படி பொருளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் (பொருளின் விவரங்களைச் சொல்லும் மின்னணுப் பதிவு) வரப்போகிறது, நூல் எங்கிருந்து வந்தது என்பது வரை அதில் கேட்கப்படலாம்.

அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த விதிமுறையால் உங்கள் தறிக்கும் சாயப்பட்டறைக்கும் ஒரு பெட்ஷீட்டுக்கு எவ்வளவு கூடும் என்று மகளை இரண்டே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பில் புத்தகத்தை அவள் கையில் கொடுங்கள். எண் தப்பாக இருந்தால் விடாதீர்கள், செப்ஸ்காரர்கள் போலக் குடையுங்கள். ஆணையம் வரைவு விதிகளுக்குக் கருத்துக் கேட்கும் இணையதளத்தில் எந்த நாட்டுக்காரரும் பதிவு செய்யலாம், பதிவானது எல்லார் பார்வைக்கும் அங்கேயே இருக்கும். துணி பற்றிய வரைவு அங்கே வரும்போது அந்த இரண்டு பக்கத்தை அவள் பெயரில் போடட்டும். அதற்கு முன் எனக்கு ஒரு காப்பி அனுப்புங்கள், பார்த்துவிட்டு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று பேசுவோம்.